சர்க்கரை நோய் ஆய்வுக்கு எபிக் வி2 சிப்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

சர்க்கரை நோயையும் எபிஜெனெட்டிக்ஸையும் (டிஎன்ஏ வரிசை மாறாமலே மரபணு இயக்கத்தை மாற்றும் வேதிக் குறிகள் பற்றிய துறை) சேர்த்து ஆராயப் புகும் ஒருவரின் பல ஆண்டு உழைப்பு, தொடக்கத்தில் அவர் தேர்ந்தெடுக்கும் அளவீட்டு முறையின் மேல்தான் நிற்கிறது. இன்றைக்குப் பெரும்பாலான கூடங்களில் அந்த முறை என்பது இல்லுமினாவின் இன்ஃபினியம் மெத்திலேஷன் எபிக் வி2 பீட்சிப். டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தில் மெத்தில் குழு ஒட்டுவதை, அதாவது மெத்திலேற்றத்தை, இடம் இடமாக அளக்கும் சிப் அது. அதோடு கூடவே வருவது, அளக்கும் முன் டிஎன்ஏவைப் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளால் மாற்றித் தரும் ஸைமோ ரிசர்ச்சின் இஇசட் டிஎன்ஏ மெத்திலேஷன் கிட். இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுவதில் பயனில்லை. கிட்டில் நடந்த தவறு சிப்பில்தான் தெரியவரும். அதற்குள் சாம்பிளும் பணமும் போயிருக்கும்.

சிப் நல்ல சிப். அதில் ஐயமில்லை. ஆனால் அது எதை அளக்கச் செய்யப்பட்டதோ அதற்கும் சர்க்கரை நோய் ஆய்வாளர் தேடுவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. புற்றுநோய்த் திசுவில் ஓரிடத்து மெத்திலேற்றம் 10 விழுக்காட்டிலிருந்து 70-க்குத் தாவும். கண்ணை மூடிக்கொண்டு அளந்தாலும் அகப்படும். சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் தேடுவதோ 1 அல்லது 2 விழுக்காட்டு வித்தியாசம். 2015-ல் இந்திய வம்சாவளியினரையும் ஐரோப்பியரையும் வைத்துச் செய்த பெரிய முன்னோக்கு ஆய்வில், பிற்பாடு டைப் 2 சர்க்கரை நோய் வருவதோடு ஐந்து மரபணுக்களின் மெத்திலேற்றம் பொருந்தி வந்தது: ஏபிசிஜி1, பாஸ்போ1, எஸ்ஓசிஎஸ்3, எஸ்ஆர்இபிஎஃப்1, டிஎக்ஸ்என்ஐபி. மெத்திலேற்றம் 1 விழுக்காடு கூடினால் ஏபிசிஜி1-ல் நோய் வாய்ப்பு 1.09 மடங்கு, டிஎக்ஸ்என்ஐபியில் 0.92 மடங்கு. அந்த ஒரு விழுக்காடுதான் இங்கே நாணயம். பைசல்ஃபைட் மாற்றம் கொஞ்சம் குறைந்தாலோ, நோயாளி சாம்பிள்கள் எல்லாம் சிப்பின் கீழ் வரிசையில் உட்கார்ந்துவிட்டாலோ, அந்த ஒரு விழுக்காடு தானாக உருவாகும், இருந்ததும் மறையும். ஆகவே இந்தப் பொருளை எடைபோட ஒரே கேள்விதான்: ஒரு விழுக்காட்டை நம்பும்படி அளக்க இது விடுகிறதா?

மனித மரபுத்தொகையில் ஏறக்குறைய 2.8 கோடி சிபிஜி இடங்கள் (சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும், மெத்திலேற்றம் பெரும்பாலும் நிகழும் இடங்கள்) உண்டு. எபிக் வி2 அவற்றில் சுமார் 9.3 லட்சம் இடங்களைத் தொடுகிறது. அதாவது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், மரபணுவைத் தொடங்கிவைக்கும் புரோமோட்டர்கள், அதன் இயக்கத்தைக் கூட்டும் என்ஹான்சர்கள், ஜீன் உடல் பகுதிகள் எனத் தேர்ந்தெடுத்த இடங்கள் அவை. இதற்கு முந்தைய 450கே சிப்பில் சுமார் 4.85 லட்சம் இடங்கள், முதல் எபிக்கில் சுமார் 8.6 லட்சம். வி2-வில் முதல் எபிக்கின் சரியாக வேலை செய்யாத புரோபுகள் (ஓர் இடத்தைப் பிடித்து அளக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) பல நீக்கப்பட்டு, என்ஹான்சர் பகுதிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டுக்கும் பொதுவானவை ஏழு லட்சத்துக்கு மேல். கணையத் தீவுச் செல்களின் ஒழுங்குமுறைப் பகுதிகள் பெரும்பாலும் என்ஹான்சர்களில் இருப்பதால், சர்க்கரை நோய்க்காரருக்கு இந்த மாற்றம் லாபமே. ஒரு சிப்பில் 8 சாம்பிள் ஓடும்.

ஒவ்வோர் இடத்துக்கும் பீட்டா மதிப்பு என்று ஓர் எண் வரும்: மெத்திலேறிய சமிக்ஞையை, மெத்திலேறியது, ஏறாதது, அதோடு 100 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது. 0 முதல் 1 வரை. சிப்பில் இரண்டு வகை வேதியியல் கலந்திருக்கிறது. டைப் 1 புரோபு சிப்பின் இரண்டு நுண்மணிகளை (பீட்) பயன்படுத்தும். டைப் 2 ஒரே மணியில் இரண்டு நிறத்தால் பிரிக்கும். டைப் 2-வின் வீச்சு குறுகியது. 0-க்கும் 1-க்கும் அருகே போகாமல் உள்ளே ஒடுங்கும். இரண்டு வகையையும் அப்படியே ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் அளவுகள் பொருந்தாது. மென்பொருளில் திருத்த வழி உண்டு. ஆனால் திருத்தாமல் படம் போட்டுக் காட்டும் அறிக்கைகள் இன்னும் வருகின்றன.

கிட்டுக்கு வருவோம். பெரும்பாலான சேதம் நடப்பது இங்கேதான்.

பைசல்ஃபைட்டின் வேலை, மெத்திலேறாத சைட்டோசினை யுராசிலாக மாற்றுவது; மெத்திலேறியதைத் தொடாமல் விடுவது. மாறாமல் தப்பிய ஒவ்வொரு சாதாரண சைட்டோசினும் சிப்பில் 'மெத்திலேறியது' என்று பதிவாகும். ஆகவே மாற்றம் அரைகுறையானால் எல்லா இடத்திலும் மெத்திலேற்றம் கூடினது போலத் தெரியும். நோயாளி சாம்பிள்களை ஒரு நாளும் கட்டுப்பாட்டு (ஒப்பிடுவதற்கான நோயற்றவர்களின்) சாம்பிள்களை இன்னொரு நாளும் மாற்றியிருந்தால், அது அழகான முடிவாகவே தோற்றமளிக்கும்.

இல்லுமினாவின் பரிந்துரை 250 நானோகிராம் டிஎன்ஏ. அந்த 250-ஐ, ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் நானோடிராப்பில் தீர்மானிக்காதீர்கள். அது ஆர்என்ஏவையும் உதிரி நியூக்ளியோடைடுகளையும் சேர்த்து எண்ணும். 250 என்று காட்டும் குழாயில் உண்மையில் 120 இருக்கலாம். கியூபிட் அல்லது பிகோகிரீன் போல இரட்டை இழையை மட்டும் எண்ணும் சாய முறைதான் வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ்: டிஎன்ஏ ஒற்றை இழையாகிவிடும்; இரட்டை இழைச் சாயம் அதைக் காணாது. அப்போது நானோடிராப்பை ஆர்என்ஏ முறையில் வைத்து, உறிஞ்சல் 1.0-க்கு மில்லிலிட்டருக்கு 40 மைக்ரோகிராம் என்ற கணக்கில் பார்க்க வேண்டும்.

கிட்டில் பைசல்ஃபைட் உள்ள சிடி கன்வர்ஷன் ரீஏஜென்ட் பொடியாக வரும். ஒரு குழாய்க்கு 750 மைக்ரோலிட்டர் தண்ணீர், 210 மைக்ரோலிட்டர் எம்-டைல்யூஷன் பஃபர். அறை வெப்பத்தில் 10 நிமிடம், விட்டுவிட்டு வோர்டெக்ஸ். அடியில் கொஞ்சம் கரையாமல் நிற்பது இயல்பு. அதற்காகச் சூடாக்கிக் கரைக்க வேண்டாம். வெளிச்சமும் காற்றும் பைசல்ஃபைட்டைக் கெடுக்கும், ஆகவே கரைத்த அன்றே பயன்படுத்துவதே நல்லது. மிஞ்சியதை உறையவைத்து அடுத்த மாதம் எடுக்கலாம் என்று கையேடு அனுமதித்தாலும், ஒரே ஆய்வின் சாம்பிள்களுக்குப் புதியதையும் பழையதையும் கலந்து பயன்படுத்துவது ஒரு விழுக்காட்டோடு விளையாடுவது.

டிஎன்ஏவோடு 5 மைக்ரோலிட்டர் எம்-டைல்யூஷன் பஃபர், தண்ணீர் விட்டு மொத்தம் 50. 37°செ-ல் 15 நிமிடம். பிறகு கரைத்த ரீஏஜென்ட் 100 மைக்ரோலிட்டர். இந்த இடத்தில் கையேட்டின் பொது நெறிமுறையை விட்டுவிட்டு, இன்ஃபினியத்துக்கான மாற்று நெறிமுறைக்குப் போக வேண்டும்: 95°செ-ல் 30 வினாடி, 50°செ-ல் 60 நிமிடம், இதை 16 சுற்று, முடிந்ததும் 4°செ. மாலையில் ஏற்றினால் மறுநாள் காலை இறங்கும். 50°செ-ல் ஒரேயடியாக 12 முதல் 16 மணி நேரம் வைக்கும் பொது முறையில் டிஎன்ஏ மீண்டும் இரட்டை இழையாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பைசல்ஃபைட் வேலை செய்யாது. ஒவ்வொரு மணிக்கும் 95°செ-க்கு ஏற்றுவது அந்த ஒட்டலைப் பிரிக்கத்தான். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. கிட் பெட்டிக்குள் இருக்கும் தாளை மட்டும் பார்த்துச் செய்துவிடுவார்கள்.

இந்தச் சுற்றுகளை ஓட்டும் தெர்மோசைக்ளரின் மூடி சூடாகவில்லை என்றால் 16 மணி நேரத்தில் தண்ணீர் மேலேறி மூடியில் துளிர்க்கும். கீழே உப்புச் செறிவு மாறும். பிளேட்டின் ஓரக் கிணறுகளில் (சாம்பிள் குழிகளில்) இது அதிகம். 150 மைக்ரோலிட்டர் என்பது பல கருவிகளில் அமைக்க முடியாத அளவு. கருவி ஏற்கும் அதிகபட்ச அளவை அமைத்துக்கொண்டு, பிளேட்டின் மூடுதாளை அழுத்தி ஒட்ட வேண்டும்.

காலையில் டிஎன்ஏவைப் பிடித்துவைக்கும் பத்தியில் (ஸ்பின் காலம்) ஏற்றுவதும் கழுவுவதும் எளிது. சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, எம்-வாஷ் பஃபரில் எத்தனால் சேர்க்க மறப்பது: 6 மில்லிலிட்டர் செறிவுக்கு 24 மில்லிலிட்டர் தூய எத்தனால். சேர்க்காமல் கழுவினால் டிஎன்ஏ பத்தியிலிருந்து அப்படியே ஓடிப்போகும். பாட்டிலின் மூடியில் சேர்த்த தேதியை எழுதுவது சின்ன வேலை, பெரிய காப்பு. இன்னொன்று, டீசல்ஃபோனேஷன் பஃபர் 200 மைக்ரோலிட்டர் விட்டு அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம். இது காரம். 15-க்குக் குறைந்தால் சல்ஃபோனேட் குழு ஒட்டிக்கொண்டே இருக்கும், பெருக்கம் தடுமாறும். 20-ஐத் தாண்டினால் ஏற்கெனவே நைந்த டிஎன்ஏ மேலும் துண்டாகும். 96 கிணறு பிளேட்டில் முதல் வரிசைக்கு ஊற்றிக் கடைசி வரிசைக்கு வருவதற்குள் ஐந்து நிமிடம் போனால், முதல் வரிசைக்கு 20, கடைசிக்கு 15. மல்டிசானல் பிப்பெட்டை விட்டு ஒற்றைப் பிப்பெட்டில் இதைச் செய்யவே கூடாது.

கடைசியில் 12 மைக்ரோலிட்டரில் எடுத்தால் 4 சிப்புக்குப் போகும். மிச்சத்தை −80°செ-ல் வையுங்கள். ஓரிரு இடங்களை மட்டும் தனியே அளக்கும் பைரோசீக்வென்சிங்கில் சரிபார்க்கும்போது கைகொடுக்கும்.

இதே நிறுவனத்தின் வேகமான லைட்னிங் கிட்டில் திரவமாகவே ரீஏஜென்ட் வரும்; 54°செ-ல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓரிரு இடங்களைப் பைரோசீக்வென்சிங்கில் பார்க்க அது போதும், வசதியும்கூட. நெடுங்கால ஆய்வின் சிப் வேலைக்கு மட்டும், ஏற்கெனவே வெளியான தரவுகளோடு ஒப்பிட வேண்டியிருப்பதால், மெதுவான பழைய கிட்டிலேயே நிற்பது நல்லது. நடுவில் கிட்டை மாற்றினால் அதுவே ஒரு பேட்ச் (ஓட்டத்துக்கு ஓட்டம் வரும் செயற்கை வித்தியாசம்) ஆகிவிடும்.

சிப் வேலை மூன்று நாள். முதல் நாள் 4 மைக்ரோலிட்டர் டிஎன்ஏவை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் பிரித்து, 37°செ-ல் 20 முதல் 24 மணி நேரம் பெருக்கம். அந்தக் காரக் கரைசல் அன்றன்று தயாரித்ததாக இருக்க வேண்டும். பழையது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து வலுவிழக்கும். டிஎன்ஏ சரியாகப் பிரியாது. ஒரு பிளேட் முழுக்கச் சமிக்ஞை மங்கிப் போவதற்குக் கண்ணுக்குத் தெரியாத காரணம் பல நேரம் இதுதான். இரண்டாம் நாள் துண்டாக்கல், ஐசோப்ரோப்பனாலில் வீழ்படிவு, மீண்டும் கரைத்தல், 48°செ-ல் சிப்பின் மேல் இரவு முழுக்க ஹைப்ரிடைசேஷன். வீழ்படிவு நீல நிறத்தில் அடியில் தெரியும். பிளேட்டைக் கவிழ்த்துத் திரவத்தைக் கொட்டும்போது ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். தயங்கினால் படிவு கிணறு விட்டுக் கிணறு வழியும். உலராத ஐசோப்ரோப்பனால் மிஞ்சினாலும், அளவுக்கு மேல் உலர்ந்து கரைய மறுத்தாலும், அந்தக் கிணற்றின் முடிவு போனதுதான். மூன்றாம் நாள் கழுவல், ஒற்றை நியூக்ளியோடைடு நீட்டல், சாயம், பூச்சு, ஸ்கேன். பூச்சு உலர்ந்த சிப்பை இருட்டில் வைத்து 72 மணி நேரத்துக்குள் ஸ்கேன் செய்துவிட வேண்டும்.

இவற்றைக் கைதேர்ந்த சேவை மையம் செய்தால் ஆய்வாளர் நிம்மதியாக இருக்கலாம். மையத்திடம் கேட்க வேண்டியவை சில உண்டு: எந்தக் கிட், எந்தச் சுற்று முறை, என் சாம்பிள் வரிசையை மாற்றாமல் ஓட்டுவீர்களா, ஐடாட் (ஸ்கேனரின் மூலத் தரவு) கோப்புகளை அப்படியே தருவீர்களா. பீட்டா மதிப்பு அட்டவணை மட்டும் தருகிற மையத்துக்கு சாம்பிளை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் சிவப்பு, பச்சை என இரண்டு ஐடாட் கோப்புகள் உங்கள் கையில் இருந்தால்தான் ஐந்தாண்டு கழித்து வேறு முறையில் மறுபடியும் கணக்கிட முடியும். ஆராய்ச்சி வாழ்க்கையில் ஐந்தாண்டு கழித்து மறுபடி கணக்கிடும் தேவை கட்டாயம் வரும்.

வரிசைப்படுத்தல் பற்றி எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 96 கிணறு பிளேட் என்பது 12 சிப். ஒவ்வொரு சிப்பிலும் 4 நோயாளி, 4 கட்டுப்பாடு. வயது, பால் இரண்டும் சிப்புக்குச் சிப்பு ஒத்திருக்க வேண்டும். 8 வரிசைகளில் யார் எங்கே என்பது குலுக்கலில் முடிவாக வேண்டும். சிப்பின் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சமிக்ஞையில் சிறு சாய்வு இருப்பது பழகிய விஷயம். அது ஒரு விழுக்காட்டை எளிதில் விழுங்கும். ஒரே நோயாளியின் முன், பின் சாம்பிள்கள் என்றால் இரண்டும் ஒரே சிப்பில். நோயாளிகள் எல்லோரும் முதல் பிளேட், கட்டுப்பாடு எல்லோரும் இரண்டாவது பிளேட் என்று ஓட்டிவிட்டால் எந்தப் புள்ளியியலும் மீட்காது. காம்பேட் போன்ற பேட்ச் திருத்தத்தை அப்படிப்பட்ட சமனற்ற தரவில் ஏற்றினால், இல்லாத வித்தியாசத்தை அதுவே உண்டாக்கிக் கொடுக்கும்.

ஒரு சாம்பிளை இரண்டு முறை ஓட்டிப் பார்த்து, 'ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.99' என்று விளம்பரப்படுத்துவது இந்தத் துறையில் வழக்கம். அதில் மயங்க வேண்டாம். சிப்பின் பெரும்பாலான இடங்கள் எவர் ரத்தத்திலும் 0 பக்கமோ 1 பக்கமோதான் இருக்கும். ஆகவே முன்பின் அறியாத இருவரின் ரத்தத்தை ஒப்பிட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான் வரும். பார்க்க வேண்டியது ஒவ்வொரு புரோபுக்கும் தனித்தனியான நம்பகம். ஆட்களிடையே வித்தியாசம் மிகக் குறைவான புரோபுகளில், இரட்டை ஓட்டத்தின் இரைச்சல் ஆள் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும். அவை நம்பத் தகாதவை. பிளேட்டுக்கு இரண்டு சாம்பிளையாவது வேறு வேறு சிப்பில் இரட்டையாக வையுங்கள். இடம் வீணாகிறது என்று தோன்றும். மதிப்பீட்டாளரின் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கும்.

தரவு கைக்கு வந்ததும் ஆர் மொழியின் மின்ஃபி அல்லது செசமி மென்பொருள் தொகுப்பு. முதலில் கட்டுப்பாட்டு புரோபுகள்: பைசல்ஃபைட் மாற்றம், சாயம், நீட்டல், ஹைப்ரிடைசேஷன் ஒவ்வொன்றுக்கும் தனி புரோபுகள் சிப்பிலேயே உண்டு; இந்தப் பொருளின் சிறப்புகளில் இது முதன்மையானது. மின்ஃபியின் தரப் படத்தில் மெத்திலேறிய, ஏறாத சமிக்ஞைகளின் இடைநிலை (லாக்2 அளவில்) 10.5-க்குக் கீழே போன சாம்பிளைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ், ஒய் குரோமோசோம் சமிக்ஞையிலிருந்து பால் தெரியும்; பதிவேட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் குழாய் மாறியிருக்கிறது. 'ஆர்எஸ்' என்று தொடங்கும் புரோபுகள் மரபு வேறுபாட்டைக் காட்டும். ஒரே ஆளின் இரண்டு சாம்பிள் உண்மையிலேயே ஒரே ஆளுடையதா என்று அவற்றால் உறுதிசெய்யலாம். நெடுங்கால ஆய்வில் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

வி2-வுக்கே உரிய தொல்லை ஒன்று: சில இடங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புரோபுகள் இருப்பதால், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அடிக்கோடும் நான்கு எழுத்து வாலும் ஒட்டியிருக்கும். பழைய நிரலில் 'சிஜி19693031' என்று வாலில்லாத இடப் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. வாலை வெட்டி, ஒரே இடத்தின் புரோபுகளைச் சராசரியாக்கிக்கொள்ள வேண்டும். செசமியில் இதற்கென்றே வழி உண்டு. இட எண்களும் மனித மரபுத்தொகையின் ஜிஆர்சிஎச்38 வரைபடத்தின்படி. 450கே, முதல் எபிக் ஆகியவற்றின் வழக்கமான விளக்கக் கோப்புகள் ஜிஆர்சிஎச்37. இரண்டையும் கலந்தால் மரபணுவின் பக்கத்து இடம் வேறெங்கோ போய் நிற்கும். மெத்திலேற்றத்திலிருந்து வயதைக் கணிக்க ஹார்வத் 2013-ல் தந்த 353 சிபிஜி வயதுக் கடிகாரம் போன்ற பழைய மாதிரிகளின் சில இடங்கள் பிற்காலச் சிப்களில் இல்லை. இல்லாததை நிரப்பிக் கணக்கிட்ட வயதை 450கே வயதோடு நேராக ஒப்பிடக் கூடாது. 16 ஜிபி நினைவகமுள்ள கணினியில் சில நூறு சாம்பிளுக்கே மின்ஃபி திணறும். சர்வர் நேரத்துக்குத் திட்ட நிதியில் இடம் ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது ரத்தம். வெள்ளணுக்களில் நியூட்ரோபில், லிம்போசைட் ஒவ்வொன்றுக்கும் மெத்திலேற்ற வடிவம் வேறு. டைப் 2 சர்க்கரை நோயில் நுண் அழற்சி நிலவுவதால் வெள்ளணு எண்ணிக்கை சற்றே உயர்ந்திருக்கும், விகிதமும் மாறியிருக்கும். ஆகவே திருத்தாமல் ஓட்டிய ஆய்வு, 'சர்க்கரை நோயின் எபிஜெனெட்டிக் தடயம்' என்ற பெயரில் நியூட்ரோபில் எண்ணிக்கையைத்தான் அளந்திருக்கும். 2012-ல் ஹவுஸ்மேன் குழு தந்த முறையும் அதன் வழிவந்தவையும் செல் விகிதத்தைத் தரவிலிருந்தே கணிக்கின்றன. அதோடு, ரத்தம் எடுத்த அன்றே செல் எண்ணிக்கைப் பரிசோதனையும் செய்து பதிவில் வைத்தால் கணிப்பைச் சரிபார்க்கலாம். ரத்தத்தை ஈடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பாரின் பின்னால் பெருக்கத்தைத் தடுக்கும்.

புகைப்பழக்கம் ஏஎச்ஆர்ஆர் மரபணுவின் சிஜி05575921 இடத்தைப் பெரிதாகக் கீழிறக்கும். படிவத்தில் 'புகைப்பதில்லை' என்று எழுதியவர்களிடமும் அதைப் பாருங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இன்னும் நுட்பமான பொறி. ஸ்டாட்டின் பயன்பாடே ஏபிசிஜி1-ன் சிஜி06500161 இடத்தோடு தொடர்புள்ளது என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. சர்க்கரை நோயாளிகளில் பலர் ஸ்டாட்டின் எடுப்பவர்கள். கட்டுப்பாட்டுக் குழுவினரில் பெரும்பாலோர் எடுக்காதவர்கள். துறையின் அதிகப் புகழ்பெற்ற இடத்தையே மருந்து தொடுகிறது என்றால், மருந்துப் பட்டியல் இல்லாத சாம்பிள் தொகுப்பின் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் மருந்தே தொடங்காத, புதிதாக நோய் அறியப்பட்டவர்களின் சாம்பிள் தங்கத்துக்குச் சமம்.

ஓட்டம் சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு நல்ல உரைகல் உண்டு: டிஎக்ஸ்என்ஐபியின் சிஜி19693031. குளுக்கோஸ் கூடினால் இந்த மரபணு அதிகம் இயங்கும். நீடித்த உயர் சர்க்கரையில் அந்த இடத்தின் மெத்திலேற்றம் குறையும். சில மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியோடு எதிர்த்திசையில் நகரும். எச்பிஏ1சி 6-லிருந்து 11 வரை விரிந்த நோயாளிக் கூட்டத்தில் இந்தச் சாய்வு தெரியவில்லை என்றால், புதிய இடங்களைத் தேடுவதை நிறுத்திவிட்டு சாம்பிள் பெயர்ப் பட்டியலையும் பிளேட் வரைபடத்தையும் மறுபடி பாருங்கள். மரபுத்தொகை முழுவதையும் தேடும்போது எபிக்குக்கு 9×10⁻⁸ என்ற பி மதிப்பு எல்லை வழக்கத்தில் இருக்கிறது. ஐம்பது நோயாளி, ஐம்பது கட்டுப்பாடு என்று வைத்துக்கொண்டு ஒரு விழுக்காட்டு வித்தியாசத்தில் அந்த எல்லையைத் தாண்டுவது நடக்காத காரியம். முனைவர் பட்டத் திட்டங்கள் நொறுங்கும் இடம் இது.

சிப் காட்டாதவையும் பல. பைசல்ஃபைட் முறை 5-மெத்தில்சைட்டோசினையும் 5-ஹைட்ராக்சிமெத்தில்சைட்டோசினையும் பிரித்துச் சொல்லாது. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மாற்றங்களை அது பார்ப்பதே இல்லை. சர்க்கரை நோயிலோ அவை முக்கியமானவை. 2008-ல் அஸாம் எல்-ஓஸ்டாவின் குழு, ரத்தக்குழாய் எண்டோதீலியச் செல்களை 16 மணி நேரம் உயர் குளுக்கோஸில் வைத்துப் பின் சாதாரண அளவுக்கு மாற்றியது. ஆறு நாள் கழித்தும் பி65 மரபணுவின் புரோமோட்டரில் ஹிஸ்டோன் மாற்றம் நிலைத்திருந்தது. 'வளர்சிதை நினைவு' (சர்க்கரை சீரான பிறகும் பழைய உயர் சர்க்கரையின் விளைவு தங்கியிருப்பது) என்பதன் செல் அளவிலான சான்று அது. மெத்திலேற்றப் பக்கத்தில் இதற்கு ஈடான வேலையை ராமா நடராஜன் குழு செய்தது: டைப் 1 சர்க்கரை நோயாளிகளிடம் தீவிரச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைச் சோதித்த டிசிசிடி 1993-ல் முடிந்தபோது எடுத்த ரத்த சாம்பிள்களையும், தொடர் ஆய்வான ஈடிக்கின் 16, 17-ஆம் ஆண்டில் எடுத்த மோனோசைட்டுகளையும் 450கே சிப்பில் ஒப்பிட்டு, டிஎக்ஸ்என்ஐபியின் மெத்திலேற்றக் குறைவு ஆண்டுகள் தாண்டி நிலைத்திருப்பதை 2016-ல் காட்டினார்கள். கவனிக்க வேண்டியது, அங்கே பலன் தந்தது புதிய சிப் அல்ல. ஆண்டுக்கணக்கில் ஒழுங்காகச் சேமித்த சாம்பிளும், எச்பிஏ1சி வரலாறும். பழைய 450கே அதற்குப் போதுமானதாக இருந்தது.

காரணமா, விளைவா என்பதிலும் சிப் வாய் திறக்காது. 2017-ல் வந்த பெரிய ஆய்வு, உடல் பருமனோடு பொருந்தும் ரத்த மெத்திலேற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை பருமனின் விளைவே, காரணம் அல்ல என்று மரபு வேறுபாட்டின் துணையோடு நிறுவியது. சர்க்கரை நோயிலும் அதே எச்சரிக்கை வேண்டும்.

கணையத் தீவுச் செல்களில் சிப்பைப் பயன்படுத்துவது வேறு உலகம். 2014-ல் லுண்ட் பல்கலைக்கழகத்தின் சார்லட் லிங் குழு, சர்க்கரை நோயுள்ள 15 கொடையாளர், இல்லாத 34 கொடையாளரின் தீவுகளில் 450கே ஓட்டி 1,649 இடங்களில் வித்தியாசம் கண்டது. டிசிஎஃப்7எல்2, எஃப்டிஓ, கேசிஎன்கியூ1 போன்ற அறிந்த மரபணுக்களும் அதில் இருந்தன. ரத்தத்தைவிட இங்கே சமிக்ஞை வலுவானது. ஆனால் தீவு என்பது இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் மட்டுமல்ல. ஆல்ஃபா, டெல்டா, ஒட்டியிருக்கும் எக்சோகிரைன் செல் எல்லாம் கலந்தது. நோயில் பீட்டா செல் குறைவதால் விகித மாற்றம் இங்கும் மெத்திலேற்ற மாற்றமாக வேடமிடும். தூய்மை விழுக்காட்டைப் பதிவுசெய்யாத தீவு சாம்பிளை ஏற்க வேண்டாம்.

அப்படியானால் யார் வாங்கலாம்? 500, 1,000 சாம்பிள், நல்ல மருந்துப் பதிவு, பல ஆண்டு எச்பிஏ1சி கையில் இருக்கும் குழுவுக்கு எபிக் வி2-தான் இன்றைக்கும் சரியான தேர்வு. பிற குழுக்களின் தரவோடு சேர்த்து மெட்டா பகுப்பாய்வு செய்ய வேறெதுவும் இவ்வளவு வசதி இல்லை. ஏற்கெனவே பாதி சாம்பிளை முதல் எபிக்கில் ஓட்டியிருந்தால், மீதியை வி2-வில் ஓட்டும் முன் இருபது சாம்பிளையாவது இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். பொதுவான புரோபுகளிலும் சிறு நகர்வு உண்டு. சாம்பிள் ஆயிரக்கணக்கில், பார்க்க வேண்டியவை அறிந்த இடங்கள் என்றால், ஒரே சிப்பில் 48 சாம்பிள் ஓடும் மெத்திலேஷன் ஸ்கிரீனிங் அரே பொருத்தம். இடங்கள் சுமார் 2.7 லட்சம்.

தனியாளாகத் தொடங்கும் முனைவர் பட்ட மாணவரிடம் 80 சாம்பிள்தான் இருக்கிறது என்றால் சிப்பை விட்டுவிட்டு, டிஎக்ஸ்என்ஐபி, ஏபிசிஜி1 போன்ற நாலைந்து இடங்களைப் பைரோசீக்வென்சிங்கில் மும்முறை அளப்பது மேல். கேள்வி சிறியதாகும், பதில் நிற்கும். சாம்பிள் 10 நானோகிராம் அளவுக்கே கிடைக்கும் பிரித்தெடுத்த செல் வேலைக்கு நியூ இங்கிலாந்து பயோலேப்ஸின் ஈஎம்-சீக் முறை பொருந்தும். டெட்2, அப்போபெக் நொதிகளால் மாற்றுவதால் டிஎன்ஏ நைந்து போவதில்லை, ஆனால் சீக்வென்சிங் ஆழத்துக்கான செலவு வேறு கணக்கு.

எதை வாங்கினாலும், ஆர்டர் போடும் முன் இல்லுமினா தளத்திலிருந்து வி2 மேனிஃபெஸ்ட் (புரோபுகளின் பட்டியல்) கோப்பை இறக்கி, உங்கள் ஆய்வுக்கு உயிரான இடங்கள் ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா, எத்தனை புரோபு, டைப் 1-ஆ 2-ஆ, புரோபின் கீழ் மரபு வேறுபாடு ஏதும் விழுகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். அரைநாள் வேலை. ஓட்டம் முடிந்த பிறகு பார்த்தால் அது ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் ஒரு பத்தி.